விதை சேமிப்பவர்கள் தோட்டம் பார்க்கப் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: கோவைப் பக்கம் வீட்டுத்தோட்டமும் மாடித்தோட்டமும் வைத்திருக்கும் சிலர் சேர்ந்து நாட்டுக் காய்கறி விதைகளைச் சேமிக்கும் குழுவாக இயங்குகிறோம். மாதம் ஒரு ஞாயிறு பக்கத்தில் இருக்கும் பெர்மாகல்ச்சர் பண்ணை (இயற்கையைப் பார்த்துப் பல பயிர்களைக் கலந்து நடும் முறை), உணவுக்காடு (மரம், கொடி, கிழங்கு என உணவு தருபவை சேர்ந்து வளரும் தோப்பு), வீட்டுத்தோட்டம் என ஒன்றைப் போய்ப் பார்த்துவிட்டு, கிடைக்கும் விதைகளைப் பகிர்ந்துகொள்கிறோம். அப்படி வந்த சுரை, ஆளுக்கொரு வடிவில் காய்த்தது. மாசியில் போட்ட அவரை பந்தல் நிறையப் படர்ந்தும் பூக்கவே இல்லை. ஒரு பண்ணைக்காரர், இனிமேல் கூட்டமாக வராதீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். எப்படிப் போனால் உருப்படியாக ஏதாவது கிடைக்கும்?

பதில்:

சுரையும் அவரையும் ஏமாற்றியதற்குக் காரணம் ஒன்றுதான், பண்ணைக்காரர் கோபத்துக்குப் பிறகு வருகிறேன். தோட்டத்துக்குப் போய் விதையை வாங்கினீர்கள், தாய்ச்செடியைப் பார்க்கவில்லை. கையில் கொடுத்த காய்ந்த விதையைப் பார்த்து அது எந்தப் பூவிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கொடி எங்கே நின்றது, பக்கத்தில் வேறென்ன பூத்திருந்தது, எந்த மாதம் விதைத்தார்கள், எத்தனை செடியிலிருந்து எடுத்தார்கள் என்ற விவரம் விதையோடு சேர்ந்து வரவேண்டும். அது இல்லாத விதையை நீங்கள் நட்டது சோதனைதான், சேமிப்பு ஆகாது.

இதில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. பெர்மாகல்ச்சர் தோட்டத்தின் பெருமையே கலந்து நடுவதுதான். ஒரே வேலியில் இரண்டு சுரை, மூன்று மிளகாய், பெரிய பாகல், மிதிபாகல் (சிறு பாகல்) எல்லாம் இருக்கும். சாப்பிடுகிறவருக்கும் மண்ணுக்கும் பூச்சிகளுக்கும் அது கொண்டாட்டம். விதை எடுக்கிறவருக்கு அதுவே தலைவலி, ஏனென்றால் தேனீ ரகம் பார்த்துப் பூவில் உட்காராது. அழகான, செழிப்பான, ரகங்கள் நிறைந்த தோட்டம் எதுவோ, கொடிக்காய் விதைக்கு அதுவே ஆபத்தான தோட்டம். ஒரு கிழவி குடிசைக்குப் பின்னால் காலங்காலமாக ஒரே ஒரு சுரையை மட்டும் ஏற்றிவிட்டு வருகிறாரே, அங்கேதான் சுத்தமான விதை இருக்கும். புகைப்படம் எடுக்க அங்கே ஒன்றும் இருக்காது.

அதனால் எதை எந்தத் தோட்டத்திலிருந்து எடுக்கலாம் என்று பயிரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தக்காளி, தட்டப்பயறு, அவரை போன்றவை பெரும்பாலும் தன் பூவின் மகரந்தத்திலேயே காய்ப்பவை. பூ விரியும் முன்பே அல்லது விரியும்போதே வேலை முடிந்துவிடும். கலப்பே வராது என்று சொல்ல மாட்டேன், அவரையில் பெரிய கருவண்டுத் தேனீக்கள் புகுந்து விளையாடும். ஆனாலும் கலப்புத் தோட்டத்திலிருந்து தைரியமாக வாங்கி வரலாம். அரசின் விதைச் சான்று விதிகளே தக்காளிச் சான்று விதைக்கு 25 மீட்டர் இடைவெளி போதும் என்கின்றன. அதே விதிகளில் மிளகாய்க்கு 200 மீட்டர், கொடிக்காய்களுக்கு 500 மீட்டர். ஆதார விதை (சான்று விதையை உண்டாக்கப் பயன்படும் தாய் விதை) என்றால் தக்காளிக்கு 50, மிளகாய்க்கு 400, கொடிக்காய்க்கு 1000 மீட்டர். வீட்டுத் தேவைக்கு எடுப்பவர் இவ்வளவு கறாராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த எண்களைப் பார்த்தாலே எது சாது, எது ஊர்சுற்றி என்று புரியும்.

மிளகாயைப் பலர் தக்காளி மாதிரி நினைக்கிறார்கள். மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தில் காய்க்கும்தான், ஆனால் பூச்சி வந்தால் தாராளமாகக் கலக்கும். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, ஆளாளுக்கு ஒரு தொட்டியில் முண்டு வைத்திருக்கிறார்கள். பக்கத்துத் தொட்டியில் நீளமிளகாயும் காந்தாரியும் நிற்கும். அந்த முண்டிலிருந்து விதை எடுத்து மறுவருடம் போட்டால் சில செடிகளில் காய் உருண்டையாக வராமல் இழுத்துக்கொண்டு வரும். கத்தரியும் ஓரளவு இந்த ரகம்தான். இவை இரண்டுக்கும் வழி சுலபம்: பூ மலரும் முன் ஒரு கிளையைக் கொசுவலைத் துணியால் மூடிக் கட்டி, காய் பிடித்ததும் துணியை எடுத்துவிட்டு, அந்தக் காம்பில் ஒரு வண்ண நூல் கட்டுவது. வலைக்குள் இருக்கும்போது காலையில் கிளையை லேசாக ஆட்டிவிட்டால் போதும். வெண்டைக்கு அதைவிடச் சுலபம். மறுநாள் மலரப்போகும் மொட்டை முந்தின மாலை நுனியில் நூலால் கட்டிவிட்டால் பூச்சி உள்ளே போகாது, உள்ளேயே சூல் பிடித்துவிடும்.

இப்போது உங்கள் சுரைக்கு வருவோம். கொடிக்காய்களில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் பிஞ்சு இருக்கும், ஆண் பூ வெறும் காம்பில் நிற்கும். மகரந்தத்தைப் பூச்சி சுமந்து போனால்தான் காய். ஆகவே வட்டாரத்தில் உள்ள எல்லாச் சுரையும் ஒன்றோடொன்று உறவு வைத்துக்கொள்ளும். நீளச்சுரை, குடுவைச்சுரை, உருண்டைச்சுரை எல்லாம் ஒரே இனம். நீங்கள் போன தோட்டத்தில் இவற்றில் ஒன்றுக்கு மேல் நின்றிருக்கும், அல்லது பக்கத்துக் காட்டுக்காரர் வேலியில் நின்றிருக்கும். அதனால்தான் ஆளுக்கொரு வடிவம்.

எது எதோடு கலக்கும் என்பதில் ஊரில் நிறைய தப்பெண்ணம் உண்டு. சுரையும் அரசாணியும் (மஞ்சள் பூசணி) கலக்காது. பாகலும் சுரையும் கலக்காது. வெண்பூசணி தனிக்குலம், அது அரசாணியோடும் சேராது. பீர்க்கும் நுரைப்பீர்க்கும் கலக்க வாய்ப்புண்டு. பெரிய பாகலும் மிதிபாகலும் நிச்சயம் கலக்கும். "பாகலுக்குப் பக்கத்தில் போட்டேன், சுரை கசக்கிறது" என்பவர்களிடம் சண்டை போடாதீர்கள், ஆனால் நம்பவும் வேண்டாம். கலப்பு நடந்தாலும் இந்த வருடக் காயின் சதையில் அது தெரியாது. காயின் சதை தாய்க்கொடியுடையது. கலப்பு விதைக்குள் போய் உட்கார்ந்து, அடுத்த வருடக் கொடியில்தான் முகம் காட்டும்.

கசப்பு எங்கிருந்து வருகிறது என்றால், பேய்ச்சுரையிலிருந்து. வேலியோரமும் ஆற்றங்கரையிலும் தானாக முளைத்துக் கிடக்கும் கசப்புச் சுரை அது. அதே போலப் பேய்ப்பீர்க்கும் உண்டு. பேய்ச்சுரையின் மகரந்தம் நாட்டுச்சுரைக்கோ, பேய்ப்பீர்க்கின் மகரந்தம் நாட்டுப் பீர்க்குக்கோ வந்தால் அடுத்த தலைமுறை கசக்கும். கசப்பு நல்ல சுவையை அமுக்கி மேலேறும் குணம். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கசக்கும் சுரையில் இருக்கும் குக்குர்பிட்டசின் என்ற பொருள் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்த அழுத்தச் சரிவு வரை கொண்டுபோகும். கசப்பான சுரைச்சாறு குடித்து உயிரே போன சம்பவங்கள் நம் நாட்டில் உண்டு. நீங்கள் சேமித்த விதையிலிருந்து வரும் முதல் காயைச் சமைக்கும் முன் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புங்கள். கசந்தால் அந்தக் கொடியையே பிடுங்கிவிடுங்கள், அதன் விதையை யாருக்கும் கொடுக்காதீர்கள். தோட்டம் பார்க்கப் போகும்போது உள்ளே இருக்கும் பாத்திகளை எல்லாரும் பார்ப்பார்கள். உங்கள் குழுவில் ஒருவர் மட்டும் வேலியைச் சுற்றி நடந்து வாருங்கள். பேய்ச்சுரை இருக்கிறதா, பக்கத்துக் காட்டில் என்ன கொடி ஏறியிருக்கிறது என்று பார்ப்பதற்கு அந்த நடை.

அப்படியானால் கலப்புத் தோட்டத்திலிருந்து சுரை விதையே எடுக்க முடியாதா? முடியும், ஆனால் தோட்டக்காரரிடம் முன்கூட்டியே பேசி, ஒரு காயை மட்டும் விதைக்கென்று கையால் மகரந்தம் சேர்த்து வைக்க வேண்டும். இதற்காகத்தான் ஒரே தோட்டத்துக்கு ஒரு பட்டத்தில் இரண்டு முறை போகச் சொல்கிறேன். மாதம் ஒரு புதுத் தோட்டம் என்று ஓடுவதைவிட, இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று குறைத்துக்கொண்டு, பூக்கும்போது ஒரு தடவை, விதை முற்றும்போது ஒரு தடவை போனால் கற்பது பல மடங்கு. ஆடிப்பட்டத்தில் விதைத்ததில் பெரும்பாலானவை புரட்டாசியில் பூத்துக் கிடக்கும், மார்கழி, தை வாக்கில் கொடி காய ஆரம்பிக்கும். அந்த இரண்டு நேரத்தையும் பிடியுங்கள்.

பூவைக் கட்டுவதற்கு நேரம் தெரிய வேண்டும். அரசாணி விடியற்காலையில் மலரும். முந்தின மாலை, மறுநாள் விரியப்போகும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் (நுனியில் மஞ்சள் எட்டிப் பார்க்கும்) நூலாலோ கிளிப்பாலோ மூடிவிட வேண்டும். காலையில் ஆண் பூவைப் பறித்து இதழைக் கிழித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவி, மறுபடி மூடி, காம்பில் வண்ண நூல் கட்டினால் முடிந்தது. வேறு வேறு கொடிகளின் ஆண் பூக்களைப் பயன்படுத்தினால் நல்லது. சுரைப்பூ வெள்ளை, அது மாலையில் மலரும். காலை ஏழு மணிக்குப் போய்ச் சுரைப்பூவைத் தேடினால் வாடிய இதழ்தான் கிடைக்கும். பீர்க்கும் மாலைதான். புடலை இரவுப்பூ, அந்த வெள்ளை நூல் நூலான இதழ்கள் அந்துப்பூச்சிகளுக்காக விரிப்பவை. ஞாயிறு காலை பத்து மணிக்குப் போய் மதியச் சாப்பாட்டோடு திரும்பும் பயணத்தில் இவற்றில் ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது. ஒரு சனிக்கிழமை மாலை நாலு மணிக்குப் போய் இருட்டும்வரை பந்தலடியில் நின்று பாருங்கள்.

அடுத்து அவரை. அது பொய்க்கவில்லை, நீங்கள்தான் அவசரப்பட்டீர்கள். நம் பழைய பந்தல் அவரைகள் பகல் குறுகினால்தான் பூக்கும். ஆடியில் விதைத்தால் ஐப்பசிக்குப் பிறகு பூத்து, பனிக்காலம் முழுக்கக் காய்த்துத் தள்ளும். மாசியில் விதைத்தால் பகல் நீளும் காலம், கொடி இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். பிடுங்காமல் விட்டிருந்தால் அதே கொடி ஐப்பசிக்குப் பிறகு பூத்திருக்கும். சிறகவரையும் அப்படித்தான். எந்தப் பட்டத்திலும் காய்க்கும் குத்தவரைகள் (படராமல் செடியாக நிற்கும் அவரை) ஆராய்ச்சி நிலையங்களில் அதற்கென்றே உருவாக்கியவை. தோட்டக்காரரிடம் "எந்த மாதம் போடுவீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டு, விதை உறையில் எழுதியிருந்தால் ஒரு வருடம் மிச்சம்.

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். பண்ணையைச் சுற்றிக் காட்டுகிறவர் பெரும்பாலும் வடிவமைப்பைப் பற்றிப் பேசுவார். வாழை வட்டம், மழைநீர் தேங்கும் சரிவு வாய்க்கால், மூடாக்கு (மண்ணை மூடும் சருகு), குளியலறைத் தண்ணீர் போகும் கல்வாழைப் பாத்தி, உயிர்வேலிக்குக் கிளுவையா கொடுக்காப்புளியா என்று விரிவாகச் சொல்வார். கேட்டுக்கொள்ளுங்கள், நல்ல விஷயங்கள்தான். ஆனால் விதையை எடுத்து வைக்கும் கை வேறொருவருடையதாக இருக்கும். அநேகமாக அந்த வீட்டின் மூத்த பெண்மணி, அல்லது வேலைக்கு வரும் அம்மா. அவர் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருப்பார், வந்த கூட்டம் அவரைத் தாண்டிப் போகும். அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

"ஆத்தா, இந்தச் சுரைக்கு விதை எப்ப எடுப்பீங்க?"

"கொடி காஞ்சு போவட்டும் கண்ணு. காயைத் தூக்கி ஆட்டுனா உள்ள கடகடன்னு சத்தம் வரோணும். அது வரைக்கும் தொடப்படாது."

"எந்தக் காயை விதைக்கு விடுவீங்க?"

"மொதக் காயும் வேண்டாம், கடைசிக் காயும் வேண்டாம். நடுவுல காய்க்கிறதுல ஒண்ண விட்டர்றது."

இந்த இரண்டு பதிலும் ஒரு வகுப்புக்குச் சமம். நடுப்பருவக் காயில் விதை திரண்டிருக்கும். கடைசிக் காய்களுக்குக் கொடியில் தெம்பு இருக்காது. நான் இதோடு ஒன்று சேர்ப்பேன்: காயைப் பார்த்து எடுக்காமல் செடியைப் பார்த்து எடுங்கள். நோய் தாக்கி ஒரே ஒரு பெரிய காய் விட்ட கொடியைவிட, பக்கத்தில் எல்லாம் வாடும்போது தாக்குப்பிடித்து நடுத்தரமாகப் பத்துக் காய் விட்ட கொடியே நாளைக்கு உதவும். கூடவே, ஒரே செடியிலிருந்து மொத்த விதையையும் எடுக்காமல் பல செடிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கச் சொல்லுங்கள். தக்காளிக்கு நாலைந்து செடி இருந்தாலும் பரவாயில்லை. அயல் மகரந்தத்தில் காய்ப்பவற்றில் செடி எண்ணிக்கை குறையக் குறைய வம்சம் இளைக்கும்.

இன்னொரு கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள்: "இதை முதலில் எங்கே வாங்கினீர்கள்?" கடையில் வாங்கிய பாக்கெட் என்றால் அந்தப் பாக்கெட்டைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். எஃப் 1 என்று போட்டிருந்தால் அது வீரிய ஒட்டு. இயற்கை முறையில் வளர்த்திருந்தாலும் அது நாட்டு விதை ஆகிவிடாது. அதன் விதை முளைக்கும், ஆனால் பிள்ளைகள் தாய் மாதிரி இருக்காது. இயற்கைப் பண்ணை என்ற பெயர்ப்பலகையைப் பார்த்தே நாட்டு விதை என்று முடிவுகட்டிவிடுவது நம் குழுக்களில் நிரந்தர நோயாக இருக்கிறது.

உணவுக்காடு பார்க்கப் போகிறீர்கள் என்றால் விதைப்பையை விட வெட்டுக்கத்தியும் ஈரச் சாக்கும்தான் தேவைப்படும். அங்கே இருப்பதில் பாதியை வழக்கமாக விதையில் வளர்ப்பதில்லை. தவசிக்கீரை, கோவைக்கொடி, கொடிப்பசலை, மரமுருங்கை எல்லாம் குச்சி. சேம்பு, கருணை, காய்வள்ளி எல்லாம் கிழங்கு. கோவைக்காயில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு என்பதால் காய்த்துக்கொண்டிருக்கும் கொடியிலிருந்தே குச்சி வாங்குங்கள். முருங்கையில், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பி.கே.எம் 1 செடிமுருங்கை விதையில் வரும். யாழ்ப்பாண முருங்கை போன்ற மரவகைகளுக்குப் போத்துதான் (வெட்டி நடும் கிளை) வழக்கம். பலா, நாவல் விதைகளைச் "சேமிக்க" முயலாதீர்கள். அவை காய்ந்தால் உயிர் போய்விடும் வகை. பழம் சாப்பிட்ட வாரமே ஊன்ற வேண்டும். குழுவின் விதைப்பெட்டியில் லேபிள் ஒட்டிக் கிடக்கும் பலாக்கொட்டையை நிறைய இடங்களில் பார்த்திருக்கிறேன். வறுத்துத் தின்றிருக்கலாம்.

குச்சியோடும் நாற்றோடும் நோயும் வரும். பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டதே 2008இல் கோவையில்தான். பப்பாளியில் தொடங்கி மல்பெரி, மரவள்ளி என்று பரவிச் சாய்த்தது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. அதனால் தோட்டம் தோட்டமாகச் சுற்றும் குழுவுக்குக் கொஞ்சம் ஒழுங்கு வேண்டும். குச்சியின் கணுக்களையும் இலையின் அடிப்பக்கத்தையும் பார்த்து வாங்குங்கள், வெள்ளைப் பஞ்சு மாதிரி இருந்தால் வேண்டாம். வேரோடு மண்ணோடு நாற்று வாங்காதீர்கள், வேர்முடிச்சு நூற்புழு அதில்தான் ஏறி வரும். தேமல் விழுந்த வெள்ளரி, தக்காளி, தட்டப்பயறுச் செடியிலிருந்து விதை எடுக்காதீர்கள், சில தேமல் வைரஸ்கள் விதை வழியாகவே அடுத்த தோட்டத்துக்குப் போகும். வந்ததை உங்கள் மற்ற செடிகளோடு சேர்க்காமல் தனியாகச் சில வாரம் வையுங்கள்.

பண்ணைக்காரர் கோபித்ததில் நியாயம் இருக்கிறது. முப்பது பேர் மூடாக்குப் பாத்தியில் ஏறி நடந்தால் ஒரு மழைக்காலம் முழுக்க அவர் பட்ட பாடு இறுகிப் போகும். நூல் கட்டி விதைக்கு விட்ட காயை விவரம் தெரியாமல் யாராவது பறித்துவிட்டால் ஒரு வருட வம்சமே போச்சு. எட்டுப் பத்துப் பேருக்கு மேல் போகாதீர்கள். மற்றவர்கள் அடுத்த முறை. பறிக்கும் முன் கேளுங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள், உங்களிடம் இருப்பதில் நல்ல விதையைப் பெயர் எழுதிக் கொண்டுபோங்கள். அதைவிட, ஒரு மணி நேரம் களை எடுத்துக் கொடுங்கள், பந்தல் கட்டிக் கொடுங்கள். வேலை செய்யும்போதுதான் மனிதர்கள் உண்மையான விஷயத்தைப் பேசுவார்கள்.

இப்படித் தோட்டம் பார்ப்பதும் விதை சேமிப்பதும் ஒன்றாக வளர்ந்தது ஆஸ்திரேலியாவில். பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரனும் பெர்மாகல்ச்சர் சிந்தனையை 1978இல் புத்தகமாக வெளியிட்டார்கள். 1986இல் ஜூட், மிஷெல் ஃபேன்டன் இணையர் சீட் சேவர்ஸ் நெட்வொர்க்கைத் தொடங்கினார்கள். ஒரே பெரிய விதை வங்கியாகக் குவித்து வைக்காமல், அந்தந்த வட்டாரத்துக்கு ஒரு சிறு குழு, அந்தக் குழுவினர் ஒருவர் தோட்டத்தை ஒருவர் பார்ப்பது என்று அது கிளை பிரிந்தது. நம் பக்கம் பழக்கம் வேறு. நெல் ஜெயராமன் திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் 2006 முதல் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ பாரம்பரிய நெல் விதை வாங்கினால் மறுவருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். நெல்லுக்கு இது அருமையாக வேலை செய்தது, காரணம் நெல் தன் மகரந்தத்தில் விளைவது. கொஞ்சம் கவனமாக இருந்தால் ரகம் மாறாது. காய்கறிக்கு இந்த விதியை அப்படியே எடுத்துக்கொண்டால், திரும்பி வரும் இரண்டு மடங்கு விதையும் கலப்பு விதையாக இருக்கும். கொடிக்காய்க்குத் தோட்டத்தை நேரில் போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

சட்டம் பற்றிச் சிலர் பயமுறுத்துவார்கள். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், உழவர் தன் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும் திரும்ப விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் பகிரவும் விற்கவும் உரிமை தருகிறது. பதிவான ரகத்தை அதன் பெயரில் பொதிகட்டி விற்பதுதான் கூடாது. குழுவுக்குள் ஒரு கைப்பிடி விதை மாற்றிக்கொள்வதில் சிக்கல் இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இது பலருக்கும் தெரிந்ததே. தக்காளி விதையை அதன் சாற்றோடு இரண்டு மூன்று நாள் புளிக்க வைத்துக் கழுவினால் வழவழப்பு போகும். கத்தரிக்காய் மஞ்சளாகப் பழுக்கும்வரை செடியில் நிற்க வேண்டும், கறிக்குப் பறிக்கும் பருவத்தில் உள்ளே விதை முற்றியிருக்காது. அரசாணியைப் பறித்த பிறகு மூன்று நாலு வாரம் வைத்திருந்து அறுங்கள், விதை இன்னும் திரளும். இளவெயிலில் மூங்கில் முறத்தில் காய வையுங்கள், உச்சிவெயிலில் தகரத்தில் கொட்டாதீர்கள். கடித்தால் நறுக்கென்று உடையும் பதம் வரவேண்டும். ஈரம் 1 சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதை அறிவியலில் ஹாரிங்டன் சொன்ன கணக்கு. பழைய வீடுகளில் கொடிக்காய் விதையைச் சாணத்தில் பதித்துச் சுவரில் அடித்து வைத்ததும், துவரைக்குச் செம்மண் கட்டியதும் இந்த ஈரத்தையும் வண்டையும் தடுக்கத்தான். உங்களிடம் ஃப்ரிட்ஜ் இருக்கிறது. நன்றாகக் காய்ந்த பயறு, அவரை விதைகளைக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தால் வண்டு முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் மூடியைத் திறக்காமல் அறைச் சூடு வரும்வரை விடுங்கள்.

உறையில் எழுத வேண்டியது: அந்த வீட்டில் அதை என்ன பெயரில் சொல்கிறார்கள், எந்த ஊர், எந்த மாதம் விதைப்பார்கள், எத்தனை செடியிலிருந்து எடுத்தது, பக்கத்தில் அதே இனத்தில் வேறென்ன நின்றது, கையால் கட்டியதா தானாகக் காய்த்ததா. நீங்களாக ஒரு பெயர் வைக்காதீர்கள். ஒரே கத்தரிக்கு மூன்று குழுவில் மூன்று பெயர் வைத்துவிட்டு மூன்று ரகம் என்று கணக்குக் காட்டுவது இப்போதே நடக்கிறது.

கிடைத்த இருபது விதையை இருபது பேருக்கு ஒன்றொன்றாகப் பிரிக்காதீர்கள். முதலில் பத்தை ஈரத்துணியில் சுற்றி முளைப்பு பாருங்கள். கத்தரி, மிளகாய் என்றால் இரண்டு வாரம் வரை பொறுக்க வேண்டும். முளைத்ததையும் வீணாக்காமல் நட்டுவிடலாம். பிறகு, ஒன்றுக்கொன்று தூரத்தில் இருக்கும் இரண்டு பேரிடம் மட்டும் கொடுத்து, அந்தப் பட்டத்தில் அந்த இனத்தில் வேறெதுவும் போடுவதில்லை என்று வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவர் தோட்டத்தில் போனாலும் இன்னொருவரிடம் இருக்கும். அடுத்த பட்டத்தில் எல்லாருக்கும் கொடுக்க விதை சேர்ந்துவிடும்.

ஏற்கெனவே கலந்துபோன சுரை விதை கையில் இருக்கிறதே என்றால், தூக்கி எறிய வேண்டியதில்லை. வரும் ஆடியில் போடுங்கள். கசக்காத கொடிகளில் உங்களுக்குப் பிடித்த வடிவம் வரும் இரண்டு மூன்று கொடிகளைத் தேர்ந்து, அவற்றுக்குள்ளேயே மாலையில் பூ கட்டிச் சேருங்கள். மற்றவற்றைக் கூட்டுக்கு அறுத்துவிடுங்கள். நாலைந்து தலைமுறை இப்படிப் போனால் வடிவம் நிலைத்துவிடும். அதற்குப் பொறுமை இல்லையென்றால், பக்கத்து ஊரில் ஒரே சுரையை மட்டும் ஏற்றிவிட்டிருக்கும் வீட்டைத் தேடிப் போங்கள். அவரை விதை மிச்சம் இருந்தால் அதையும் அதே ஆடியில் பந்தலடியில் ஊன்றிவிடுங்கள்.